இடது பின்சக்கரம்

இப்போது வரும் கார்களில் பின்சக்கர பேரிங், சக்கரம் பூட்டும் ஹப்போடு சேர்ந்து ஒரே உருப்படியாக வந்துவிடுகிறது. நாலு போல்ட்டைக் கழற்றி, பழையதை எடுத்துப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினால் வேலை முடிந்தது. நல்ல ஏற்பாடுதான். என் முழங்கால் நன்றாக இருந்த காலத்திலேயே இது வந்திருந்தால் இன்று மாடிப்படி ஏற இவ்வளவு யோசிக்க மாட்டேன்.

போன மாதம் சிதம்பரத்திலிருந்து ஒருவர் ஃபோன் செய்தார். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடப் பழைய அம்பாசடர் ஒன்றை வைத்திருக்கிறாராம். பின்பக்கம் ஊ... என்று ஒரு சத்தம், புது பேரிங் போட்டும் மறுபடி வந்துவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்டார். எந்தப் பக்கம் என்றேன். இடது பக்கம் என்றார். அவர் காருக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்த பிறகும் எனக்கு மனசு வேறு ஒரு காரிலேயே நின்றுகொண்டிருந்தது. என்னோடு வேலை செய்தவர்கள் சிலர் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் இதைச் சொன்னேன். "அண்ணே, அந்தக் கலியமூர்த்தி வண்டிக் கதைதான? முழுசா எழுதுங்க, எங்களுக்கு அரைகுறையாத்தான் தெரியும்" என்றார்கள்.

என் பெயர் ஏழுமலை. அண்ணாகிராமம் பக்கத்தில் விவசாயக் குடும்பம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பக்கிரிசாமி முதலாளியின் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். ஆரம்ப வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மண்ணெண்ணெயில் பாகம் கழுவினேன், திட்டு வாங்கினேன், ஒருநாள் தனியாக ஒரு பிரேக் வேலையை முடித்தேன், சம்பளம் கூடியது. முதலாளி சிதம்பரத்தில் கிள்ளை ரோட்டுப் பக்கம் ஒரு கிளை திறந்தபோது என்னை அங்கே அனுப்பினார். தினமும் கடலூரிலிருந்து பஸ். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் யார் ஏறுவார்கள் என்பதுவரை எனக்குத் தெரியும்.

அங்கே ஃபோர்மேன் தேசிங்கு. நாங்கள் மேஸ்திரி என்று கூப்பிடுவோம். உயரமான, ஒல்லியான ஆள். மனைவி இல்லை, ஒர்க்‌ஷாப்புக்குப் பின் தெருவில் ஒரு அறை எடுத்துத் தனியாக இருந்தார். வண்டி உள்ளே வந்து நின்றதும் டிரைவர் வாயைத் திறக்குமுன்பே போய்க் குனிந்து நாலு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்ப்பார். எந்தச் சக்கரம் மற்றதைவிடச் சூடாக இருக்கிறதோ அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். பிறகுதான் நிமிர்ந்து டிரைவரின் முகத்தைப் பார்ப்பார். நேருக்கு நேர், கண் இமைக்காமல். புது ஆட்களுக்கு அது கொஞ்சம் பயமாக இருக்கும்.

அவர் ஏன் அப்படிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியக் கொஞ்ச காலம் ஆயிற்று. அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. வாயசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடித்தார். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். ஃபோன் அடித்தால் எப்போதும் கை எண்ணெயாக இருக்கிறது என்று என்னை எடுக்கச் சொல்லுவார். நான் யாரிடமும் சொல்லவில்லை, அவரிடமும் கேட்கவில்லை. வாடிக்கையாளர் பேசும்போது மட்டும் அவருக்கு எதிரில், வெளிச்சம் முகத்தில் படுகிற மாதிரி நிற்கப் பழகிக்கொண்டேன். அவர் கண் பிடிக்காததை நான் ஒருமுறை திருப்பிச் சொல்லுவேன்.

காது கேட்காதவர் பேரிங் சத்தத்தை எப்படிக் கண்டுபிடிப்பார் என்று கேட்பீர்கள். பல்லால். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, என்னைக் கையால் சுற்றச் சொல்லிவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை ஆக்ஸில் குழாய் மேல் வைத்து மறுமுனையைப் பல்லில் கடித்துக்கொள்வார். அதிர்வு தாடை எலும்பு வழியாக ஏறுமாம். நானும் கடித்துப் பார்த்திருக்கிறேன். நல்ல பேரிங் என்றால் பட்டுத்துணி உரசுகிற மாதிரி இருக்கும். கெட்டுப்போனது என்றால் பல்லுக்குள் மணல் அரைபடும்.

அம்பாசடரின் பின்சக்கர வேலையை அவர் செய்யும் ஒழுங்கை இன்றும் வரிசையாகச் சொல்லுவேன். முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கி, ஜாக்கியில் தூக்கிய பிறகு ஆக்ஸிலுக்குக் கீழே ஸ்டாண்டு வைக்காமல் யாரும் கையை உள்ளே விடக்கூடாது. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் பிரேக் டிரம்மைக் கழற்றி, ஆக்ஸில் ஷாஃப்டை உருவி, உள்ளே இருக்கும் பெரிய நட்டின் பூட்டு வாஷரை நிமிர்த்த வேண்டும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்வார்கள். இடது பக்க நட்டுக்கு எதிர்மரை. வலது பக்கம் மாதிரி நினைத்து உளியை வைத்து அடித்தால் இன்னும் இறுகி, கடைசியில் மரையே போய்விடும். நட்டு கழன்றதும் ஹப்பைப் புல்லர் போட்டு இழுக்க வேண்டும். புது பேரிங்கை ஹப்பில் ஏற்றும்போது வெளி வளையத்தில் மட்டும்தான் தட்ட வேண்டும். உள் வளையத்தில் தட்டினால் குண்டுகள் ஓடுபாதையில் பள்ளம் போட்டுவிடும், புது பேரிங் புதுசாகவே செத்துப்போகும். எண்ணெய் சீலின் உதடு உள்பக்கம் பார்த்திருக்க வேண்டும். மேலே போடும் காகித கேஸ்கெட் மெல்லியதாக இருக்க வேண்டும். தடிமனாகப் போட்டால் பேரிங்குக்குப் பிடிமானம் கிடைக்காமல் ஹப்புக்குள்ளேயே சுற்றும்.

இவ்வளவையும் மேஸ்திரி அவசரப்படாமல், ஒவ்வொன்றாகச் செய்வார். அவர் மாட்டிய பின்சக்கரம் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. கலியமூர்த்தியின் கார் வரும்வரை.

கலியமூர்த்தி பிச்சாவரம் பக்கம் உப்பனாற்றுக்கு நடுவில் இருக்கும் ஒரு திட்டைச் சேர்ந்தவர். மீன்பிடிக் குடும்பம். அண்ணன் தம்பிகள் எல்லாரும் படகில் போக, இவர் மட்டும் டிரைவிங் கற்றுக்கொண்டு, ஒரு பழைய அம்பாசடரை வாங்கி டாக்ஸி ஓட்டினார். திட்டுக்குப் பாலம் கிடையாது, படகில்தான் வர வேண்டும். அதனால் காரைக் கரையில் படகுத்துறைப் பக்கம் நிறுத்திவிட்டுப் போவார். சுற்றியிருந்த குப்பங்களில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும், பிரசவம் என்றாலும் அந்தக் கார்தான். எப்போதும் சட்டையை உள்ளே விட்டு, தலையைப் படிய வாரி, சிரித்த முகமாக இருப்பார். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர், மச்சான் என்றுதான் கூப்பிடுவார்.

முதல் தடவை இடது பின்சக்கர பேரிங் போனபோது நாங்கள் ஒன்றும் நினைக்கவில்லை. பழைய வண்டி, போகும்தான். மழைக்காலம் முடிவதற்குள் மறுபடி வந்தார். அதே இடது பக்கம். கழற்றிப் பார்த்தால் பேரிங் முழுக்கத் துரு, எண்ணெய் பால் ஊற்றிய டீ மாதிரி வெளுத்துக் கிடந்தது. தண்ணீர் புகுந்திருக்கிறது என்பது பார்த்ததும் தெரிந்தது.

"வண்டியத் தண்ணியில எறக்கினியா?" என்று கேட்டேன்.

"இல்ல மச்சான். மழதான் ஜாஸ்தி. ரோடெல்லாம் தண்ணி நிக்கிது."

ஆக்ஸிலுக்கு மூச்சுவிட ஒரு சின்ன துவாரம் உண்டு. அதில் களிமண் அடைத்திருந்தது. குத்திச் சுத்தம் செய்து, புது சீல், புது பேரிங் போட்டு அனுப்பினோம். மழை நின்று வெயில் காலமும் வந்தது. மூன்றாவது தடவையும் வந்தார். அதே பக்கம், அதே துரு, அதே களி.

அன்று கலியமூர்த்தி டீ குடிக்கப் போயிருந்த நேரம் மேஸ்திரி அந்தப் பேரிங்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு விரல் நுனியால் அதிலிருந்த எண்ணெயைத் தொட்டு நாக்கில் வைத்தார். துப்பினார்.

"உப்பு கரிக்குது."

"ஆத்துத் தண்ணியா மேஸ்திரி? அவரு எறக்கவே இல்லன்றாரே. கூப்ட்டுக் கேக்கட்டா?"

"வேணாம். ரெண்டு தடவ கேட்டாச்சி. நல்ல பையன், மறைக்கிறான்னா சொல்ல முடியாதது ஏதோ இருக்கும். மாட்டிக் குடு. பாக்கலாம்."

மாட்டிக் கொடுத்தோம். அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய விஷயமாகிவிட்டது.

ஒரு மத்தியானம் கிள்ளை ரயில்வே கேட் பக்கத்திலிருந்து ஒரு ஆள் சைக்கிளில் வந்து, கலியமூர்த்தி கார் புகைந்துகொண்டு நிற்கிறது என்றான். நான் ஒர்க்‌ஷாப்பில் இருந்த மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். இடது சக்கரம் சாய்ந்து நின்றது. டிரம்மிலிருந்து எண்ணெய் தீய்ந்த புகை. பேரிங் மொத்தமாக நொறுங்கிப் போய், அந்த ஒரு நட்டின் பிடியில்தான் சக்கரம் நின்றுகொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் தனியாகக் கழன்று போயிருக்கும். பின்சீட்டில் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி, வலி கண்டு, தாயின் மடியில் தலையை வைத்துப் படுத்திருந்தாள். கலியமூர்த்தி நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வருகிற வண்டியை எல்லாம் மறித்துக்கொண்டிருந்தார். இறால் ஏற்றி வந்த ஒரு டெம்போ நின்றது. எல்லாருமாக அந்தப் பெண்ணைத் தாங்கி முன்சீட்டில் ஏற்றினோம். டெம்போ போன பிறகு கலியமூர்த்தி ரோட்டோரம் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆயிற்று. ஆனால் செய்தி கடலூருக்குப் போய்விட்டது.

மறுநாள் முதலாளி வந்தார். பக்கிரிசாமி முதலாளி கெட்டவர் இல்லை. கையெழுத்துப் போடத் தெரியாத காலத்திலிருந்து ஸ்பேனர் பிடித்து மேலே வந்தவர். என்னை மட்டும் வெளியே கூட்டிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் நின்று பேசினார்.

"ஏழுமல, தேசிங்குக்குக் காது கேக்கலன்னு எனக்குத் தெரியும். நீ அவனுக்கு முட்டுக்குடுத்துட்டு இருக்கறதும் தெரியும். அவனும் நானும் ஒண்ணா தொழில் கத்துக்கினவங்க. ஆனா சக்கரம் கழண்டு ஓடி இருந்தா? வண்டியில புள்ளத்தாச்சி இருந்திருக்கா. சத்தம் கேக்காதவன் மாட்டின பேரிங்குன்னு நாளைக்கு ஒருத்தன் சொன்னா நான் இன்னா பதில் சொல்றது? அவன மெதுவா அனுப்பிடலாம். நீ ஃபோர்மேனா இருந்துக்க."

அந்தப் பதவிமேல் எனக்கு ஆசை இல்லை என்று சொன்னால் பொய். வீட்டில் இரண்டு குழந்தைகள். ஆனால் மேஸ்திரி மாட்டியதில் தப்பில்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும், பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

"அடுத்த சனிக்கிழம வரைக்கும் பொறுங்க முதலாளி. இது இன்னான்னு கண்டுபுடிச்சி சொல்றேன். அப்பறம் நீங்க முடிவு பண்ணுங்க" என்றேன்.

முதலாளி "சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் மேஸ்திரியின் தோளைத் தட்டிவிட்டுக் கிளம்பினார்.

காரைச் சரிசெய்து கலியமூர்த்தி எடுத்துக்கொண்டு போன அன்றே, சாயங்காலம் நான் பிச்சாவரம் பஸ் பிடித்தேன். அவர் கார் நிறுத்தும் படகுத்துறையில் ஒரு டீக்கடை உண்டு. அங்கே உட்கார்ந்தேன். இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு சின்னப் படகு துறையில் காத்திருந்தது, அதில் கலியமூர்த்தியின் சாயலில் ஒரு தம்பி.

கார் வந்தது. நிற்கவில்லை. ஒரு அரைவட்டம் அடித்துத் திரும்பி, சரிவில் பின்பக்கமாக இறங்கி, நேராகத் தண்ணீருக்குள் போயிற்று. துறையின் சிமெண்டு இடது ஓரத்தில் உடைந்து பள்ளமாக இருந்தது. இடது பின்சக்கரம் அந்தப் பள்ளத்தில் இறங்கி நடுவரைக்கும் முழுகியது. சூடான டிரம்மில் தண்ணீர் பட்டு உஸ்ஸென்று ஆவி வந்தது டீக்கடைவரை தெரிந்தது.

தம்பி படகைக் காரின் பக்கவாட்டில் அணைத்துக் கொண்டுவந்து பிடித்தான். பின்கதவு திறந்தது. உள்ளே ஒரு பெண். முப்பது வயது இருக்கலாம். இரண்டு கால்களும் சூம்பிப் போயிருந்தன. ஊன்றுகோல்களை முதலில் படகில் போட்டாள். ஒரு கையைக் கார் சீட்டிலும் மறுகையைப் படகுப் பலகையிலும் ஊன்றி, உடம்பை ஒரு வீச்சில் தூக்கி அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். யாரும் அவளைத் தொடவில்லை. புடவையைச் சரிசெய்துகொண்டு கையை உதறினாள். கலியமூர்த்தி காரை மேலே ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியபோது நான் எதிரில் நின்றேன்.

"மச்சான்..." என்றார்.

"யாரு அது?"

"என் சம்சாரம். அஞ்சல. சின்ன வயசுல இளம்பிள்ளவாதம். சிதம்பரத்துல எஸ்.டி.டி. பூத்து வச்சிருக்கு. தெனம் நான்தான் கூட்டிட்டுப் போறேன். களியில ஊன்றுகோல் எறங்கிடும், நடக்க முடியாது. தூக்கறதுக்கு ஒத்துக்காது."

"அத எங்ககிட்ட சொல்றதுக்கு இன்னா?"

அவர் பதில் சொல்லுமுன் படகிலிருந்து குரல் வந்தது. "யாரு அங்க? இன்னா சேதி?"

"ஒர்க்‌ஷாப் மச்சான். சும்மா வந்திருக்காரு."

"சும்மாவா? வண்டி புகஞ்சதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா அண்ணே?" என்று என்னைப் பார்த்தே கேட்டாள். நான் கலியமூர்த்தியைப் பார்த்தேன். அவர் கண்ணால் கெஞ்சினார். ஆனால் அவள் கெட்டிக்காரி, நான் வாய் திறக்காததிலேயே புரிந்துகொண்டாள். திரும்பி ஈரமாக நின்ற சக்கரத்தைப் பார்த்தாள்.

"அப்ப அந்தப் புள்ளத்தாச்சிப் பொண்ணு நடுரோட்ல கெடந்தது என்னாலதான். நாளையிலேருந்து நான் வரல. பூத்த யார்ட்டயாச்சும் குடுத்துடுங்க."

"இதுக்குத்தான் மச்சான் சொல்லல" என்றார் கலியமூர்த்தி மெதுவாக. "வண்டி போனாலும் பரவால்ல, அது வீட்ல உக்காந்துடக் கூடாதுன்னுதான்."

படகு போய்விட்டது. நான் கடலூருக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்காமல் சிதம்பரத்திலேயே மேஸ்திரியின் அறையில் தங்கிவிட்டேன். நான் பார்த்ததை அவர் எதிரில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வண்டி தண்ணியில நிக்கறப்ப சூடா இருந்திச்சா?" என்று அந்த ஒன்றை மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

"காலைலயும் அந்தப் பொண்ணு அதே எடத்துலதான ஏறுது? காலைல வண்டி ஆறி இருக்கும். கெடுக்கறது சாயங்காலம்தான்" என்றார்.

மறுநாள் இரண்டு பேரும் துறைக்குப் போனோம். அஞ்சலை அன்று பூத்துக்கு வரவில்லை. மேஸ்திரி கலியமூர்த்தியைத் திட்டுக்கு அனுப்பி அவளைக் கூட்டிவரச் சொன்னார். படகு வந்தது. அவள் இறங்கவில்லை, படகிலேயே முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வண்டி தண்ணியில எறங்கறது தப்பில்லம்மா. சூட்டோட எறங்கறதுதான் தப்பு. உள்ள இருக்கற காத்து சூட்டுல விரிஞ்சி நிக்கிது. குளுந்த தண்ணி பட்டா சுருங்கும். சுருங்கறப்ப எங்கயிருந்தாவது இழுக்கும். மூச்சு ஓட்டையில களி அடச்சிக்கிதா, சீல் வழியா உப்புத்தண்ணிய இழுத்துக்குது. மூச்சு ஓட்டைய மேல கொண்டு போயிடலாம். ஆறினப்பறம் எறக்கலாம். அவ்ளோதான் வேல."

சொல்லிவிட்டுத் துறையின் உடைந்த சிமெண்டைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

"எவ்ளோ நேரம் ஆறணும்?" என்று அஞ்சலை கேட்டாள். அவர் திரும்பவில்லை. மறுபடி கேட்டாள். நான் அவர் கையைத் தொடப் போனேன். அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு குனிந்து அவர் சட்டையைப் பிடித்து மெல்ல இழுத்தாள். அவர் திரும்பியதும் வாயை நன்றாகத் திறந்து, மெதுவாகக் கேட்டாள்.

"எவ்ளோ நேரம்... ஆறணும்?"

மேஸ்திரியின் முகம் ஒரு கணம் மாறிற்று. மாட்டிக்கொண்டவர் முகம். அவள் அதைப் பார்க்காத மாதிரி காத்திருந்தாள்.

"பொறங்கைய வச்சா பொறுக்கணும். அவ்ளோ போதும்" என்றார். "சாயங்காலம் வந்து மேலயே நிறுத்திக்கிங்க. ஒரு டீ குடிச்சிட்டு, பேசிட்டு இருங்க. அப்பறம் எறக்கலாம்."

அவள் இறுக்கம் தளர்ந்து சிரித்தாள். "பூத்துல நாள் பூரா ஊரே பேசறதக் கேட்டுக்கினு உக்காந்திருக்கேன். இவருகிட்ட பேசத்தான் நேரமே இல்ல."

அன்றே காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு வந்தோம். ஆக்ஸிலின் மூச்சு ஓட்டையில் ஒரு செப்புக்குழாயைப் பற்றவைத்து, அதிலிருந்து ரப்பர் ஹோஸ் ஒன்றை மேலே டிக்கிக்குள் கொண்டுபோய்க் கட்டினார் மேஸ்திரி. பேரிங் உட்காரும் இடத்தில் தேய்மானம் இருக்கிறதா என்று ஹப்பை விரலால் தடவித் தடவிப் பார்த்துப் புது சீல் போட்டார். சக்கரத்தில் தினமும் ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னார். துறையின் பள்ளத்தில் கல்லைப் போட்டு நிரப்புவதைக் கலியமூர்த்தியின் தம்பிகள் பார்த்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை முதலாளி வந்தார். நான் துருப்பிடித்த பேரிங்குகளை மேசைமேல் வரிசையாக வைத்து விஷயத்தைச் சொன்னேன். அஞ்சலையைப் பற்றியும் சொன்னேன், அவளே சொல்லச் சொல்லியிருந்தாள். முதலாளி கவனமாகக் கேட்டார்.

"சரி, இது அவன் தப்பில்ல. ஒத்துக்கறேன். ஆனா காது விஷயம் அப்படியே இருக்குதுல்ல" என்றார் என்னிடம், குரலைத் தாழ்த்தி. தாழ்த்தினாரே தவிர, மேஸ்திரி எதிரில்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் உதட்டைப் படித்துவிட்டார்.

"ஆமா பக்கிரி" என்றார் மேஸ்திரி. முதலாளியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். "எனக்குக் காது கேக்கல. வலது காது முழுசா போச்சி. இடதுல இரைச்சல்தான். ஏழுமல மறச்சான்னு அவன்மேல கோவப்படாத. நான் உங்கிட்ட சொல்லி இருக்கணும். வேலையவுட்டுப் போன்னு சொல்லிடுவியோன்னு பயந்துட்டேன். இங்கேருந்து போனா நான் எங்க போறது?"

முதலாளி மேசைமேல் இருந்த பேரிங் ஒன்றை எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார். அது கரகரவென்று சுற்றியது.

"ஏழுமல ஃபோர்மேனா இருக்கட்டும். ஆளுங்ககிட்ட பேசறது, ரோட்ல ஓட்டிப் பாக்கறது அவன்" என்றார் கடைசியில். பிறகு மேஸ்திரிக்கு நேராக முகத்தைத் திருப்பி, அவருக்குப் புரியும்படி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். "நீ... சக்கரத்தப் பாத்துக்க. போறேன்னு நீயா... சொல்ற வரைக்கும்."

அப்படித்தான் நடந்தது. நான் ஃபோர்மேன் ஆனேன், அவர் எனக்குக் கீழே ஒருநாளும் இல்லை. கலியமூர்த்தியின் இடது பக்க பேரிங் மறுபடி சீக்கிரம் போகவில்லை. வெகுநாள் கழித்து, வழக்கமான தேய்மானத்துக்குத்தான் மாற்றினோம். சுனாமிக்குச் சில வருஷம் முன்னாலேயே அவர்கள் சிதம்பரத்துக்குக் குடிவந்துவிட்டார்கள். அதன்பின் அந்தக் கார் தண்ணீரில் இறங்கவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மேஸ்திரிக்கு ஒரே மகள், கல்யாணமாகி நாக்பூரில் இருந்தாள். காது போனதிலிருந்து அவர் அவளோடு பேசவே இல்லை. கடிதம் மட்டும்தான். ஃபோனில் கேட்காது என்பதை மகளிடம் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. அப்பா ஏன் பேச மாட்டேன் என்கிறார் என்று அவள் கோபித்துக்கொண்டு கடிதத்தையும் குறைத்துவிட்டாள். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அஞ்சலை எப்படியோ அவரிடமிருந்து பிடுங்கியிருக்கிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேறு வேலையாகச் சிதம்பரம் போனவன் அவள் பூத்துப் பக்கம் போனேன். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே மேஸ்திரி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை. எதிரில் அஞ்சலை, ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, முகத்தை அவருக்கு நேராக வைத்திருந்தாள். மகள் அங்கிருந்து பேசப் பேச, இவள் ஒவ்வொரு வார்த்தையையும் வாயை நன்றாக அசைத்து அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் பதிலுக்கு ரிசீவரைப் பார்த்துப் பேசினார், ரொம்பச் சத்தமாக, தெருவுக்கே கேட்கும்படி.

நான் கதவைத் திறந்தேன். அஞ்சலை என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் மகள் சொன்னதைக் கொஞ்ச நேரம் கேட்டாள். அவள் கண் கலங்கிற்று. பிறகு மேஸ்திரியின் கையைப் பிடித்துக்கொண்டு, மகள் சொன்னபடியே சொன்னாள்.

"அப்பா... காது கேக்கலன்னா... எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாப்பா?"